கொதிக்கிற தண்ணீர் ஒரு டம்ளர்

எங்கள் பக்கம் ரொட்டி என்றால் அது காய்ச்சல்காரர்களின் சாப்பாடு. கையில் ரொட்டிப் பாக்கெட்டோடு தெருவில் நடந்தால், எதிரில் வருகிறவர்கள் "யாருக்கு மேலுக்கு முடியல?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சைப் பேசுவார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது ஆரஞ்சுப் பழத்தோடு வாங்கிப்போவது அது. நல்ல உடம்போடு இருக்கிறவர்கள் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள் என்பதை என் மாமியார் நெடுநாள் நம்பவே இல்லை.

கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே ஒரு ஊரில், திராட்சைத் தோட்டம் வைத்துப் பிழைக்கிற கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. மாமனார் முன்பே காலமாகிவிட்டார். மாமியார், என் கணவரின் அண்ணன், அவர் மனைவி, என் கணவர், நான், எங்கள் ஒரே மகள் என்று ஆறு பேர் ஒரே வீட்டில், ஒரே உலையில் சாப்பிட்டோம். அண்ணனுக்கும் அவர் மனைவிக்கும் குழந்தை இல்லை. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கியிருந்தேன். அங்கே சனிக்கிழமை தோறும் வெள்ளை ரொட்டி சுடுவார்கள். மாவு பிசையக் கை போதாத நாட்களில் என்னைக் கூப்பிடுவார்கள். அப்படிக் கைவந்தது. என் கணவர் தேனியிலிருந்து சின்ன ஓவன் ஒன்று வாங்கிவந்த பிறகு வீட்டிலேயே சுட ஆரம்பித்தேன். மைதா, ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை, உப்பு, பால், வெண்ணெய். வேறு ஒன்றும் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எல்லோருக்கும் இரண்டிரண்டு துண்டு. முதல் மாதம் மாமியார் தொடவில்லை. இரண்டாவது மாதம் காப்பியில் நனைத்துப் பார்த்தார். மூன்றாவது மாதம், "எனக்கு ஓரத்துத் துண்டு வேணாம், நடுவுல உள்ளதக் குடு" என்றார். அன்றைக்கு நான் அந்த வீட்டில் ஒரு ஆளானேன்.

சுடும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். ஆடி மாதச் சாரல் காற்று மலையிலிருந்து இறங்கினால் மாவு சுணங்கிப் போகும் என்பது உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலிலும் சாத்திக்கொண்டேன். அக்கா வந்து கற்றுக்கொண்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம். மகளை மட்டும் உள்ளே விடுவேன். அவள் மாவு உப்பி வருவதைப் பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள்.

அக்கா மேல் எனக்கு என்ன கோபம்? சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது. என் மகளை வளர்த்தது அவர்தான். காலை எட்டரைக்கு நான் பள்ளிக்கூடம் போனால் திரும்ப ஐந்து மணி ஆகும். குளிக்க வைத்து, தலை பின்னி, சோறூட்டி, காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது எல்லாம் அக்கா. பிள்ளை முதலில் பேசிய சொல் "பெம்மா". பெரியம்மாவைத்தான் அப்படிச் சொன்னாள். நான் கூப்பிட்டால் உடனே வராமல் அக்கா முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். அக்கா, "போத்தா, அம்மா கூப்புடுது" என்று சொன்ன பிறகுதான் வருவாள். என் பிள்ளை என்னிடம் வருவதற்கு இன்னொருத்தி உத்தரவு கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா அதை வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளே எரிந்தது.

அந்த வீட்டில் அக்காவால் செய்ய முடியாத ஒன்று என்று எனக்கு இருந்தது ரொட்டி மட்டும்தான்.

மகளுக்கு ஒன்பது வயதில் புதுநன்மை வந்தது. கோயிலில் பிள்ளைகள் வெள்ளை உடுப்புப் போட்டு முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு அடுத்தபடி அதுதான் பெரிய விசேஷம். கணவரின் தங்கை, அவள் வீட்டுக்காரர், அவர் பக்கத்துச் சொந்தம் என்று இருபது பேராவது வருவார்கள். பூசை முடிந்து காலைப் பலகாரம் எங்கள் வீட்டில்.

இரண்டு வாரத்துக்கு முன்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள்:

"அன்னைக்கு எனக்குப் பெரியம்மா சுட்ட ரொட்டிதான் வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா பதறிப்போய், "எனக்கு எங்கிட்டுத்தா தெரியும்? உங்க அம்மா கையில வர்ற மாதிரி வருமா?" என்றார்.

"அம்மா சொல்லிக்குடுக்கும். அம்மா, சொல்லிக்குடுப்பியா?"

"அதுக்கென்ன, சொல்லிக்குடுத்துட்டாப் போச்சு" என்றேன். நானும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஈஸ்ட் ஓர் உயிர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் இதைத்தான் நடத்துகிறேன். ஒரு பாட்டிலில் ஈஸ்ட், சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீர் போட்டு, வாயில் பலூனை மாட்டி, பலூன் உப்புவதைக் காட்டுவேன். இன்னொரு பாட்டிலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவேன். அந்தப் பலூன் தொங்கியே கிடக்கும். "ஏன்?" என்று கேட்பேன். "செத்துப்போச்சு டீச்சர்" என்று வகுப்பே கத்தும்.

அந்த வாரம் ஒரு நாள் அக்கா ஒரு கோடு போட்ட நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். எட்டாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மைதா அரைக் கிலோ. சர்க்கரை இரண்டு கரண்டி. ஈஸ்ட் இரண்டு சின்னக் கரண்டி. எல்லாம் சரியான அளவு.

"தண்ணி?" என்றார்.

"நல்லாக் கொதிக்கணும்க்கா. தளதளன்னு கொதிக்கிற தண்ணியில ஈஸ்டப் போட்டு மூடி வச்சிரணும். அப்பத்தான் அதுல உள்ள கிருமி எல்லாம் சாகும்."

அவர் எழுதினார். 'கொதிக்கிற தண்ணீர் ஒரு டம்ளர்.' எழுதிவிட்டு, "சரியா இருக்காத்தா, பாரு" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். நான் ஆசிரியை. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினேன்.

நாக்குப் பிசகிச் சொல்லிவிட்டதாக நானே என்னிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது நிற்கவில்லை. ஏனென்றால் புதுநன்மைக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, அக்காவும் மகளும் வெள்ளை உடுப்பு வாங்கத் தேனிக்குப் போயிருந்தபோது, நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு ரொட்டி சுட்டேன். மாமியார் பக்கத்துத் தெருவில் துக்கம் கேட்கப் போயிருந்தார். ரொட்டி ஆறியதும் இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசி டிரம்மில் அரிசிக்குள் புதைத்துவைத்தேன். ஜன்னல்களைத் திறந்து வாசனை போக விட்டேன். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன். மறதியாகச் சொன்னவள் இதையெல்லாம் செய்யமாட்டாள்.

சனிக்கிழமை பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. பெற்றோரும் செய்ய வேண்டும் என்று பங்குசாமியார் சொல்லியிருந்தார். நானும் வரிசையில் நின்று முழந்தாளிட்டேன். கோபப்பட்டேன், இரண்டு ஞாயிறு பூசைக்கு வரவில்லை, புறம் பேசினேன் என்று சொன்னேன். சொல்லும்போது அரிசிக்குள் கிடந்த ரொட்டி நினைவில் இருந்தது. பரிகாரமாக மூன்று முறை 'அருள் நிறைந்த' மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா மாவு பிசைந்தார்; மகள் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் உட்கார்ந்து மகளின் தலைக்கு வைக்கும் பூக்கிரீடத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். "அக்கா, கொஞ்சம் ஆறட்டும்" என்று ஒரு வார்த்தை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாவைப் பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு விடிகாலையில் சுட வேண்டும் என்றும் நான்தான் சொல்லியிருந்தேன். முந்தின நாளே சுட்டால் விஷயம் முன்னதாகத் தெரிந்துபோகுமே.

காலை ஐந்து மணிக்கு அக்கா என்னை எழுப்பினார். குளித்துத் தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"மாவு வச்சது வச்சபடி இருக்குத்தா. பொங்கவே இல்ல."

"ஓவன் சூடுல பொங்கிரும்க்கா."

அரை மணி நேரம் கழித்து மறுபடி வந்தார். "மட்டமா இருக்கே?"

"டின்னு பெருசு, அப்படித்தான் தெரியும். சூட்டோட வெட்டிறாதீக. துணியச் சுத்தி வச்சிட்டு வாங்க, கோயிலுக்கு நேரமாச்சு."

"நீ சொன்னாச் சரி" என்றார். அவர் முகத்தில் நிம்மதி வந்ததை நான் பார்த்தேன்.

பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். ஹாலில் நீள மேசை போட்டு, இட்லி, கேசரி, வடை எல்லாம் இருந்தது. மகள் வெள்ளை உடுப்பில் நடுவே உட்கார்ந்து, "முதல்ல பெரியம்மா ரொட்டி" என்று கத்தினாள். அக்கா இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். புதுப் புடவை கட்டியிருந்தார். துணியைப் பிரித்தார். செங்கல் அளவு, செங்கல் நிறம். கத்தி இறங்கவில்லை. இரண்டாம் முறை அழுத்தியபோது வழுக்கி மேசைத் துணியைக் கிழித்தது.

நாத்தனாரின் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கி மேசையில் தட்டிக் காட்டினார். டொக் டொக்கென்று சத்தம் கேட்டது.

"அக்கா, தோட்டத்துல திராட்சப் பந்தலுக்குக் கல்லு ஊன்றதுக்கு இத வச்சுக்கிருவோம். மழைக்கும் கரையாது."

ஹால் முழுக்கச் சிரிப்பு. அக்காவும் கூடச் சிரிக்கப் பார்த்தார். அவர் வீட்டுக்காரர், மனைவியைப் பார்க்காமல் போனைப் பார்த்தபடி சிரித்தார். அப்போதுதான் மாமியார் சொன்னார். உரக்கக்கூடச் சொல்லவில்லை, பக்கத்திலிருந்த சம்பந்தியம்மாளிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"வயிறு பொங்காதவ கையில மாவு மட்டும் பொங்கிருமாக்கும்?"

இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்தார்கள். மற்றவர்கள் சிரிப்பை நிறுத்தவில்லை. அக்கா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மகள் நாற்காலியில் முட்டி போட்டு எழுந்து, "அம்மா தண்ணியில வெரல விட்டுப் பாக்கும். சுடாமத்தான் ஊத்தும். பெரியம்மா ஏன் கொதிக்க…" என்று ஆரம்பித்தாள்.

மேசைக்கு அடியில் அவள் தொடையைப் பிடித்துக் கிள்ளினேன். வெள்ளை உடுப்புக்கு மேலேயே, நகம் பதிய. பிள்ளை என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. வாயை மூடிக்கொண்டாள்.

நான் எழுந்தேன். "பிள்ள ஏமாந்துரக் கூடாதேன்னு நானும் ஒண்ணு சுட்டு வச்சேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், டிரம்மிலிருந்து என் ரொட்டியை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டுக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் ஆகியும் பஞ்சுபோல இருந்தது. நாத்தனார் கைதட்டினாள். மாமியார், "இவ இருக்கவும் தப்பிச்சோம்" என்றார். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

அக்கா எல்லோருக்கும் காப்பி ஊற்றினார். பிறகு சமையலறை வாசலில் உட்கார்ந்து, தன் ரொட்டியை அரிவாள்மனையில் வைத்து அறுத்து, ஒவ்வொரு துண்டாகக் காப்பியில் ஊறவைத்துத் தின்றார். "விடுங்கக்கா, எதுக்கு அதப் போயி" என்றாள் நாத்தனார். "மாவு வீணாப் போகுதுல்ல" என்றார். தாடை வலிக்க வலிக்க மென்றார். பாதிக்கு மேல் தின்றுவிட்டுத்தான் எழுந்தார்.

பத்து நாள் கழிந்தது. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா மேலே வந்தார். கையில் அந்த நோட்டு.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தெரிஞ்சுதான் சொன்னியா?"

"என்ன சொன்னேன்?"

"கொதிக்கிற தண்ணின்னு."

"வெதுவெதுன்னுதான் சொன்னேன். நீங்க தப்பா எழுதியிருப்பீக."

அவர் நோட்டைப் பிரித்தார். அந்த வரியில் நான் சிவப்பு மையில் போட்ட திருத்தம் இருந்தது. என் கையெழுத்து. அதை என்னிடம் காட்டவும் இல்லை. தானே ஒரு தரம் பார்த்துக்கொண்டு மூடினார்.

"சரித்தா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலத்திலிருந்து அக்கா என் மகளை விலக்கினார். தலை பின்னிவிடச் சொல்லி நின்றவளிடம், "உங்க அம்மா வரட்டும்" என்றார். சோறு பிசைந்து கொடுக்கக் கேட்டால் தட்டை அவள் முன்னால் நகர்த்திவைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. வாடகைக்கு இருக்கிறவர்கள் வீட்டுக்காரர் பிள்ளையிடம் நடந்துகொள்வதுபோல நடந்துகொண்டார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? ஒரு மாதம் போல அக்கா பின்னாலேயே திரிந்து அழுதாள். பிறகு நிறுத்திவிட்டாள். நான் கூப்பிட்டால் யார் முகத்தையும் பார்க்காமல் வந்தாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. என் பக்கத்தில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

இரண்டு வருடத்தில் அக்காவின் வீட்டுக்காரர் தோட்டத்தில் தன் பங்கைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தேனியில் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கடை வைத்தார். அவர்கள் அங்கேயே குடிபோனார்கள். சாமான் ஏற்றிய அன்று அக்கா மாமியாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். என்னிடம், "வர்றேன்" என்றார். அவ்வளவுதான்.

நான் ரொட்டி சுடுவதை நிறுத்தவில்லை. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது அவருக்கு இறங்கிய சாப்பாடு அதுதான். பாலில் பிய்த்துப் போட்டு நான் ஊட்டுவேன். "மூத்தவ வந்து பாக்கலையே" என்று புலம்புவார். அக்கா இரண்டு முறை வந்தார். வந்த இரண்டு முறையும் கடையில் வாங்கின ரொட்டிப் பாக்கெட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனார். மாமியார் மெல்லத் தேறி, வாக்கர் பிடித்து நடக்கும் அளவுக்கு வந்தார்.

மகள் மட்டும் ரொட்டியைத் தொடுவதில்லை. புதுநன்மை அன்று தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சோறு இருந்தால் அதைத் தின்பாள்; இல்லாவிட்டால் பட்டினி. வீம்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். அவள் பத்தாவது படிக்கும்போது ஒரு ஞாயிறு பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ரொட்டியில அப்படி என்னடி உனக்கு ஆகாமப் போச்சு?"

அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நீ கிள்ளுனது ஒரு வாரம் கறுத்துப் போயி இருந்துச்சு. பெரியம்மா குளிக்க வைக்கும்போது பாத்துட்டாக. என்னன்னு கேட்டாக. அம்மா கிள்ளிருச்சுன்னு சொன்னேன். எதுக்குன்னு கேட்டாக. எல்லாத்தையும் சொன்னேன். தேங்காயெண்ணெய் தடவிவிட்டுக்கிட்டே கேட்டாக."

"அப்புறம்?"

"எண்ணெயத் தடவிக்கிட்டே அழுதாக. கொஞ்ச நாள்ல என்னயத் தொடுறதயே விட்டுட்டாக."

மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள். சொன்னதில் கோபம் இல்லை, அழுகை இல்லை. நோய்க்கான காரணத்தைக் கேட்டதற்கு ஒரு நர்ஸ் பதில் சொன்னதுபோல இருந்தது.

ஆக, மாடியில் அக்கா என்னிடம் கேட்டபோது அவருக்கு முழுவதும் தெரியும். நான் ஒப்புக்கொள்ள ஒரு வழி கொடுத்துத்தான் கேட்டிருக்கிறார். நான் அவர் எழுத்தைக் குறை சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை தேனிக்குப் பஸ் ஏறினேன். அக்கா முன்னறையில் தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். "வா" என்று சொல்லி நாற்காலியைக் காட்டினார். மெஷினை நிறுத்தவில்லை. நான் சொன்னேன். வெள்ளிக்கிழமை சுட்டது, அரிசி டிரம், கிள்ளியது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. அவர் ஜாக்கெட்டின் ஒரு கையைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தார்.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"ஆமாக்கா."

"அதுக்குப் பங்குசாமியார் இருக்காக. அவுக வேல அது." ஜாக்கெட்டை உதறி மடித்தார். "அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடிதான என்னயச் சிரிச்சாக? அவுக அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொல்லு. கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் வருவாகல்ல. நானும் வர்றேன்."

"அத்த படுத்த படுக்கையில இருந்து இப்பத்தான் எந்திரிச்சிருக்காக. அவுக முன்னாடி எப்படி…"

"அவுகளுக்கு இடுப்புத்தான ஒடைஞ்சது. காது நல்லாத்தான கேக்குது?"

காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் அதே ஹாலில் அதே ஆட்கள். அக்கா சொன்னபடி வந்து, வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிரியாணி சாப்பிட்டு முடித்து எல்லோரும் தாம்பூலத் தட்டைச் சுற்றி இருந்தபோது நான் எழுந்து நின்று சொன்னேன். வகுப்பில் பாடம் நடத்திப் பழகிய குரல், நடுங்காமல் வந்தது. என்ன செய்தேன், எப்படித் திட்டம் போட்டேன், பிள்ளை சொல்ல வந்ததை எப்படித் தடுத்தேன்.

முடித்ததும் நாத்தனாரின் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "அட, அந்த செங்கலா? இம்புட்டு வருசம் கழிச்சா அத எடுக்குறது?" நாத்தனார், "நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இந்தப் பேச்சு?" என்றாள். என் கணவர் முகம் கறுத்து எழுந்து வெளியே போனார். அக்காவுக்கு நான் செய்ததற்காக அல்ல, எல்லோர் முன்னாலும் தன்னை அசிங்கப்படுத்தியதற்காகத்தான் கோபம் என்று பிறகு சொன்னார். அக்காவின் வீட்டுக்காரர் பாக்கை மென்றுகொண்டே இருந்தார்.

மாமியார் வாக்கரில் கையை வைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தண்ணி சுடுதண்ணியா இருந்தா என்ன, பச்சத்தண்ணியா இருந்தா என்ன? ரொட்டி போச்சு, சரி. நான் சொன்னது பொய்யா? இந்தா, இன்னைக்கு வரைக்கும் வயிறு பொங்கலயே?"

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். என்னால் அவருக்கு இரண்டாம் முறையும் அது நடந்துவிட்டது. அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. எழுந்து புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டார்.

"அவ சொல்லிட்டா" என்றார், பொதுவாக. "நீங்களும் சொல்லிட்டீக, அத்தை. இனி இந்த வீட்டுல நான் கேக்க வேண்டியது ஒண்ணும் இல்ல."

செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். அவர் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. என் மகள்தான் பின்னாலேயே ஓடினாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனாள், பஸ் வரும்வரை கூட நின்றாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவள் என்னிடம், "பெரியம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டாக" என்று மட்டும் சொன்னாள்.

பத்தாவது முடிவு வந்ததும், ப்ளஸ் ஒன் தேனியில் படிக்கப் போவதாகவும் பெரியம்மா வீட்டில் இருக்கப் போவதாகவும் அவளே முடிவு செய்து அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் சரி என்றார். நான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நான் கூப்புடல" என்றார் அக்கா. "அவளாக் கேட்டா. நான் சரின்னேன்."

"ஞாயித்துக்கெழம மட்டும் இங்கன அனுப்புங்கக்கா."

"அவ வந்தா வரட்டும். நான் தடுக்க மாட்டேன். போகச் சொல்லவும் மாட்டேன்."

அவள் வரவில்லை. மாமியார் மட்டும் இப்போதும் ஞாயிறு காலையில் நடுத்துண்டு கேட்கிறார். நான் வெட்டிக் கொடுக்கிறேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம். அக்காவைச் சுட்ட வார்த்தைகளைச் சொன்ன இரண்டு பேர் நாங்கள்தான். எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

போன மாதம் லீவு நாளாகப் பார்த்து மகளைப் பார்க்கப் போனேன். அவள் அக்காவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள்; அக்கா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். அக்கா சீப்பை நிறுத்தாமல் என்னை உட்காரச் சொன்னார். நான் பையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மின்விசிறியைக்கூட யாரும் இன்னும் போடவில்லை, என் முகத்தில் வேர்வை இருந்தது.

மகள் தலையைத் திருப்பாமலே கேட்டாள்:

"அம்மா, உனக்குத் திரும்ப எத்தன மணிக்குப் பஸ்?"